புனேயின் காலடியில் ஒரு பாரசீகம்

தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. பாரசீக மொழியின் முதல் பேசும்படமான ‘தொக்தரே லோர்’ 1933-இல் தெஹ்ரானில் திரையிடப்பட்டது. இரண்டும் பம்பாயில் உருவானவை. இரண்டையும் தயாரித்தவர் ஒருவரே, அர்தேஷிர் இரானி. அவர் பிறந்த ஊர் புனே.

பாரசீகத்தின் பழைய நகரங்களைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஷிராஸ், இஸ்பஹான், யஸ்த் என்று வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். அந்தப் பட்டியலில் புனேயையும் சேர்க்க வேண்டும். அதற்கு முன்னால், சேர்க்கும் அளவுக்குப் புனே தன்னிடம் இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும்.

ஈரானுக்குப் போகும் வழி இப்போது எளிதாகவும் இல்லை. 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளை விசா இல்லாமலே ஈரான் அனுமதித்தது. வேலை வாங்கித் தருவதாக ஆசைகாட்டி இந்தியர்களை அங்கே அழைத்துப்போய், கடத்திப் பணம் பறித்த கும்பல்களின் கொடுமை வெளியே வந்தபின், 2025 நவம்பரில் அந்தச் சலுகை நின்றுபோனது.

புனேயில் பாரசீகம் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது இரானி ஓட்டல்களைத்தான். ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் 1935-இல் தொடங்கிய கஃபே குட்லக்கில் காலை ஏழு மணிக்கே பன் மஸ்காவுக்குக் கூட்டம் நிற்கும். மஸ்கா என்பதே வெண்ணெயைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஈஸ்ட் ஸ்ட்ரீட்டில் 1955 முதல் நடக்கும் கயானி பேக்கரியில் ஷ்ரூஸ்பெரி பிஸ்கட் வாங்காமல் ஊர் திரும்பும் வெளியூர்க்காரர் குறைவு. இந்தக் கடைகளை நடத்திய குடும்பங்களில் ஜொராஸ்டிரியர்களும் உண்டு, ஷியா முஸ்லிம்களும் உண்டு. ஜொராஸ்டிரியர்களில் பெரும்பாலோர் யஸ்த், கெர்மான் பகுதிகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஈரானை ஆண்ட காஜார் மன்னர்களின் ஆட்சியில், முஸ்லிம் அல்லாதவர்கள் கட்ட வேண்டியிருந்த ஜிஸ்யா வரியும் அவமதிப்பும் அவர்களைத் துரத்தின. 1870-களின் தொடக்கத்தில் வந்த பெரும் பஞ்சம் இன்னும் பலரை விரட்டியது. அந்த வரி 1882-இல்தான் நீங்கியது. 1894-இல் புனேயில் பிறந்த ஆன்மிக குரு மெஹர் பாபாவின் தந்தையும் யஸ்த் பக்கத்துக் கிராமத்துக்காரரே.

யஸ்த் எப்படிப்பட்ட ஊர்? ஆண்டு மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டாத பாலைவன நகரம். மண்ணால் எழுப்பிய வீடுகள், அவற்றின் தலைமேல் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் ‘பாத்கிர்’ கோபுரங்கள். தௌலதாபாத் தோட்டத்துக் கோபுரம் ஏறத்தாழ 33 மீட்டர் உயரம். அவ்வளவு வறண்ட மண்ணில் ஒரு நகரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருப்பதற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மலையடிவாரத்தில் தாய்க் கிணறு ஒன்றைத் தோண்டி, அங்கே ஊறும் நீரை மிக மெல்லிய சரிவுள்ள சுரங்கத்தின் வழியே பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்குக் கொண்டுவருவார்கள். இதுதான் கனாத். மண்ணை வெளியே அள்ளவும், உள்ளே வேலை செய்பவர் மூச்சுவிடவும், வழிநெடுக மேலிருந்து செங்குத்தாகக் குழிகள் இறக்கியிருப்பார்கள். வானிலிருந்து பார்த்தால் எறும்புப் புற்றுகள் வரிசைகட்டி நிற்பதுபோல் தெரியும். இறைக்க மாடு வேண்டாம், எந்திரம் வேண்டாம். சரிவே நீரை நடத்திச் செல்லும். வெயில் படாததால் நீர் ஆவியாகி வீணாவதும் இல்லை.

இந்த அறிவு தக்காணத்துக்கும் வந்தது. புர்ஹான்பூரில் 1615-இல் ஒரு பாரசீக வல்லுநரின் மேற்பார்வையில் அமைந்த குண்டி பண்டாராவில் இன்றும் நீர் ஓடுகிறது. ஔரங்காபாதில், அகமத்நகர் நிஜாம்ஷாகி அரசின் அமைச்சர் மாலிக் அம்பர் நிலத்தடிக் கால்வாய் அமைத்தார். அந்த அரசவையில் பாரசீகத்திலிருந்து வந்த அறிஞர்களும் அதிகாரிகளும் நிறைந்திருந்தார்கள். அன்று புனே அந்த அரசின் ஆளுகைக்குள் இருந்த சிற்றூர்.

பிறகு மராட்டியர் ஆட்சியில், 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நானாசாகேப் பேஷ்வா, நகருக்குத் தெற்கே காத்ரஜ் ஏரியிலிருந்து சனிவார் வாடா அரண்மனைவரை ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு நிலத்தடியில் கல்லால் நீர்வழி கட்டினார். ஆள் நடந்து போகும் அளவுக்கு அகலமும் உயரமும் உள்ள வழி அது. இடையிடையே காற்று புகவும் வண்டல் அகற்றவும் கிணறு போன்ற துளைகள். அவற்றின் பெயர் ‘உச்வாஸ்’. தமிழில் நாம் சொல்லும் உச்சுவாசமேதான். ஏரி நீரைக் கொண்டுவருவதால் இதைக் கனாத் என்று சொல்ல முடியாது. ஆனால் மூச்சுக்குழி வைத்து, சரிவை நம்பி, வெயிலுக்கு மறைத்து நீரை நடத்தும் அந்தக் கைத்திறன் யஸ்த் நகரின் கனாத்துக்கு உறவு என்பதைப் பார்த்தவுடன் உணரலாம்.

அந்த நீர் ஊருக்குள் வந்து நிறைந்த பொதுத் தொட்டிகளுக்கு மராத்தியில் ‘ஹௌத்’ என்று பெயர். அரபியில் பிறந்து பாரசீகம் வழியாக வந்த சொல். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஒளு செய்யும் தொட்டியை ‘ஹவுள்’ என்கிறோமே, அதுவும் இதே சொல்தான். காளா ஹௌத், பாதாமி ஹௌத், பஞ்ச ஹௌத் என்று புனேயின் பேட்டைகளில் இந்தப் பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. பாரசீகச் சொற்களை அரசாங்கத்திலிருந்து விலக்க விரும்பிய சத்ரபதி சிவாஜி, ‘ராஜவியவகார கோசம்’ என்ற அகராதியைச் செய்வித்தார். அதைத் தொகுத்த ரகுநாத் நாராயண் ஹனுமந்தே முன்பு தஞ்சை ஏகோஜியிடம் அமைச்சராக இருந்தவர். அகராதி வந்தும் ஹௌத் போகவில்லை. ‘பேஷ்வா’ என்பதே பாரசீகம்தான். தலைவர் என்று பொருள். தமிழ்நாட்டில் நாம் சர்க்கார், பந்தோபஸ்து, சிபாரிசு, குமாஸ்தா என்பதும் அங்கிருந்து வந்தவையே.

புனேயில் ஹௌத் வெறும் தண்ணீர்த் தொட்டியாக மட்டும் இருந்ததில்லை. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற சண்டையும் அதன் கரையில்தான் நடந்தது. 1868-இல் மகாத்மா ஜோதிராவ் புலே தம் வீட்டுத் தொட்டியைத் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார். இந்த நகரத்துத் தொட்டிகளைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

ஈரானின் பழைய தலைநகரான பெர்சிபொலிஸில் அபதானா மண்டபத்தின் படிக்கட்டுச் சுவரில் தாரியஸ் மன்னனுக்குக் காணிக்கை கொண்டுவரும் பல நாட்டினர் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இடுப்பில் வேட்டியோடு, காவடியில் கூடைகள் சுமந்து, கழுதையையும் ஓட்டிவரும் இந்தியர்களும் அதில் இருக்கிறார்கள். கி.மு. 330-இல் அலெக்சாண்டரின் படை அந்த அரண்மனையை எரித்தது. 1828-இல் சனிவார் வாடாவும் எரிந்தது. மதிலும் வாயில்களும் அடித்தளமும்தான் மிஞ்சின. ஈரான் தன் அரண்மனை இடிபாட்டை மட்டும் உலகுக்குக் காட்டி நிறுத்திக்கொள்ளவில்லை. பெயர் தெரியாத தொழிலாளர்கள் மண்ணுக்குள் குடைந்த 11 கனாத்துகளையும் 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. குண்டி பண்டாராவும் 2024-இல் அந்தப் பட்டியலுக்கான இந்தியாவின் உத்தேச வரிசையில் ஏறியிருக்கிறது.

புனேயிலோ சனிவார் வாடாவுக்கு நுழைவுச் சீட்டு வாங்கிக் கூட்டம் போகிறது; அதற்குத் தண்ணீர் தந்த வழி கேட்பாரற்றுக் கிடக்கிறது. காத்ரஜ் ஏரியில் சாக்கடை கலக்கிறது. கட்டுமானப் பணிகளில் நீர்வழி பல இடங்களில் உடைபட்டிருக்கிறது. இது தவறு. மன்னர் வாழ்ந்த இடத்தை மட்டும் வரலாறு என்று கருதும் பழக்கத்தின் விளைவு இது.

மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. எஞ்சியிருக்கும் ஒவ்வோர் உச்வாஸையும் அடையாளம் கண்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும். அதன் அருகே கட்டட அனுமதி தரும் முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ஏரியில் சாக்கடை விழுவதைத் தடுக்க வேண்டும். ஹௌத் இருந்த தெருமுனைகளில், அது எப்போது யாருக்காகக் கட்டப்பட்டது என்று ஒரு பலகை வைக்க வேண்டும். வேலைக்காகவும் படிப்புக்காகவும் புனேயில் குடியிருக்கும் தமிழர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன் மஸ்கா முடித்த கையோடு பாதாமி ஹௌத் பக்கம் ஒரு நடை போய், தொட்டி எங்கே இருந்தது என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்.