‘ஆனால்’ என்னும் சொல்

‘வர விருப்பந்தான், ஐயா, ஆனால்…’

இவ்வாக்கியத்தைக் கேளாத போதகரோ குருவானவரோ நமது நாட்டில் இருக்கமாட்டார். ஓய்வுநாட் பாடசாலையிற் பாலருக்குப் பாடஞ் சொல்ல ஆள் தேடும்போதும், ஆஸ்பத்திரியிற் படுத்திருக்கும் ஏழை விதவையொருத்தியைப் பார்த்து வரும்படி கேட்கும்போதும் இந்த ‘ஆனால்’ வந்து வாசலை மறித்துக்கொள்ளும். அதன் பின்னால் வருவன பலவகை. பிள்ளைக்கு ஞாயிறு காலையில் ரியூசன் வகுப்பு, கனடாவிலுள்ள மகன் தொலைபேசியில் அழைக்கும் நேரம், முழங்கால் வலி, மழைக்குணம். இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. (கலியாண வீட்டுக்குப் போகும் நாளில் அதே முழங்கால் மாடிப் படியேறிவிடுகிறதென்பது வேறு கதை.) பொய் சொல்பவனை மனச்சாட்சி உறுத்தும். உண்மைக் காரணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கோ அந்த உறுத்தலும் இல்லை. அதுவே இதிலுள்ள அபாயம்.

லூக்கா சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன பெரிய விருந்தின் உவமையை நேயர்கள் அறிவர். விருந்தினர் முன்னரே அழைப்புப் பெற்றவர்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாம் ஆயத்தமாகி ஊழியன் வந்து கூப்பிடும்போதுதான் போக்குச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒருவன் வயல் வாங்கினான், போய்ப் பார்க்கவேண்டும். மற்றொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கினான், சோதிக்கவேண்டும். மூன்றாமவன் பெண் கொண்டான். இதை நமது கமக்காரர் ஒருவரிடம் சொன்னாற் சிரிப்பார். பாராமல் எவன் காணி வாங்குவான்? ஏரிற் பூட்டிப் பாராமல் பத்து மாட்டுக்கு எவன் காசெண்ணுவான்? அதுவும் இராப்போசன வேளையிலா வயலுக்குப் போவது?

ஆயினும் அவர்கள் வெறும் மூடரல்லர். உபாகமத்தின் 20ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தால், புதுவீடு கட்டி இன்னும் குடிபுகாதவனும், திராட்சத் தோட்டம் நாட்டி அதன் பலனை உண்ணாதவனும், பெண்ணை நிச்சயஞ் செய்து இன்னும் மணந்து கொள்ளாதவனும் போர்முனையிலிருந்து வீடு திரும்பலாமென்று விதித்திருப்பதைக் காணலாம். புதிதாய் மணம் முடித்தவனுக்கு ஓராண்டு விலக்கு உண்டென்று 24ஆம் அதிகாரம் கூறுகிறது. விருந்துக்கு அழைக்கப்பட்டவர்களின் போக்குகள் இந்த விதிகளின் சாயலிலேயே அமைந்திருக்கின்றன. போருக்கென இரக்கத்தோடு அளித்த விலக்கை அவர்கள் விருந்துக்குக் காட்டுகிறார்கள்! மூன்றாமவன் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மனைவியையும் அழைத்துக்கொண்டு வரலாமோவென்று கேட்டிருந்தால் வீட்டெஜமான் மறுத்திருப்பாரா?

விலக்குக் கேட்க உண்மையாகவே உரிமை பெற்றிருந்த ஒருவரை நமது தீவின் சரித்திரத்திற் காண்கிறோம். 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தபோது, ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கக் குருமார் இங்கு ஊழியஞ் செய்வதற்குத் தடையிருந்தது. அவர் மாறுவேடத்தில் வந்தார். வந்தவுடன் கடும் வயிற்றுளைவு நோயில் விழுந்தார். சட்டமும் தேகசுகமும் ஒருங்கே ‘திரும்பிப் போ’ என்றன. அவர் போகவில்லை. 1697இற் கண்டியில் அம்மை நோய் பரவி, பிணியாளரை உற்றாரே கைவிட்டோடிய வேளையில், மதபேதம் பாராது அவர்களைத் தூக்கி உணவூட்டிப் பராமரித்தார். 1711இல் அந்நகரிலேயே காலமானார். 2015இல் கொழும்புக் காலிமுகத் திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தபோது திரண்ட பெருங்கூட்டத்தில், மழைக்குணத்தையும் முழங்காலையும் பொருட்படுத்தாது போனவர்கள் அநேகர்.

நமது போக்குக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் நாமல்லோம். தேசாதிபதி பேலிக்ஸ், பவுல் பேசுவதைக் கேட்டு நடுங்கி, சமயம் நேரும்போது மறுபடியும் கூப்பிடுவதாகச் சொல்லி அனுப்பினான். சமயம் பலமுறை நேர்ந்தது. கைக்கூலி கிடைக்குமென்று எதிர்பார்த்து அவன் அடிக்கடி கூப்பிட்டான்! அப்போஸ்தலர் நடபடிகள் இதை மறையாமல் எழுதிவைத்திருக்கிறது. இரண்டு வருஷம் சென்றது. பேலிக்ஸ் பதவிவிட்டுப் போனான். பவுல் செசரியாவிற் காவலிலேயே இருந்தார்.

நமது வீடுகளிலும் இவ்வாறே. நாம் ‘பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டு மறந்துபோகிறோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவள் மறப்பதில்லை. பார்வையாளர் வரும் வேளை முழுவதும் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசிரியர் வராத வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் சுவரிற் சாய்ந்து நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த ஞாயிறு இருவர் வருவர்.

திராட்சத் தோட்டத்துக்குப் போகும்படி தகப்பன் ஏவிய இரு குமாரரில், மாட்டேனென்று சொன்னவன் பின்பு மனம் மாறிப் போனான். ‘போகிறேன், ஐயா’ என்று மரியாதையாய்ச் சொன்னவனே போகாமலிருந்தான். நமக்கு இயலாதாயின் ‘இயலாது’ என்று அன்றைக்கே சொல்லிவிடலாம். கேட்க வந்தவர் சற்று வருந்துவார். ஆயினும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வேறொருவரைத் தேடிக்கொள்ள அவருக்கு நாலு நாளாவது கிடைக்கும்.