திருக்கையும் முயலும்

வங்காலைக் கரையில் நிற்போர் ஒருபுறம் ஆழங் குறைந்த கடலையும், மறுபுறம் உவர்நிலத்தையும் பற்றைக்காட்டையும் காண்பர். கடல் திருக்கையின் இருப்பிடம். பற்றை முயலின் இருப்பிடம். இவ்விரண்டில் அழிவை அணுகி நிற்பது எது என்று வினவினால், நம்மிற் பலர் முயலையே சுட்டுவர். நாய்க்கும் நரிக்கும் அஞ்சி ஓடும் அப்பிராணியின்பால் நமக்கு இரக்கம் மிகுதி. சவுக்கு வாலும் நச்சு முள்ளும் கொண்ட திருக்கையிடத்து அச்சமே மிகுதி. உண்மையோ நேர்மாறானது.

முதலில் இவற்றின் குலமுறையை நோக்குவோம். இரண்டும் முள்ளந்தண்டுடையவை. ஆயினும் திருக்கை, சுறாவைப் போலக் குருத்தெலும்பு மீன்களின் வகுப்பைச் சேர்ந்தது. முயல் முலையூட்டி. அதனை எலியின் உறவாகக் கருதிய காலமும் உண்டு. மேல்வெட்டும் பற்களுக்குப் பின்னே மற்றுமொரு சோடிச் சிறு பற்கள் இருத்தல் முதலிய வேறுபாடுகளைக் கொண்டு, 1912 ஆம் ஆண்டில் கிட்லி என்னும் அறிஞர் முயலினத்தைத் தனி வருணமாக்கினார்.

நம் நாட்டு முயல் பிடரி கறுத்தது. வளை தோண்டாது, புல்லிடையே ஈனும். குட்டிகள் உரோமத்துடனும் திறந்த விழிகளுடனும் பிறக்கும். ஆண்டு முழுவதும் இனம் பெருகும். ஆனைத் திருக்கையோ ஏறத்தாழ ஓராண்டு சூல் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். அடுத்ததற்கு ஆண்டுகள் செல்லும்.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இம்முயல் கவலை குறைந்த இனம். ஆனைத் திருக்கையோ 2020 இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டது. சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை ஆபத்திலிருப்பதாக 2021 இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அளவுக்கு மீறிய மீன்பிடியே தலையாய காரணம். ஆனைத் திருக்கையின் செவுள் தட்டுகளுக்கு வெளிநாட்டுச் சந்தையில் உள்ள கிராக்கி, கேட்டை மேலும் வளர்த்தது.

வங்காலை 2008 இல் சரணாலயமாகவும், 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஆயிற்று. 4,839 எக்டேர் பரப்புடைய அவ்விடத்தில் முயலுக்குப் புகலிடம் உண்டு. எல்லை கடந்து நீந்தும் திருக்கைக்கோ அக்காவல் கூடவே வருவதில்லை.

மீனவர் வயிற்றுப்பாட்டை மறந்து இதனை நாம் எழுதவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு ஆக்கும் சரக்குக் கறியில் திருக்கைக்கும் இடமுண்டன்றோ? அதன் பேறு அருமையானது என்பதை அறிந்து, வலையில் உயிருடன் அகப்படும் சூல் திருக்கையையும் குட்டியையும் கடலுக்கே விடுவோமாயின், நாளைய வலைக்கும் அதுவே முதலாகும். இரக்கம் அழகைப் பார்த்து மட்டும் பிறத்தல் ஆகாது.