கேட்காமலே சராசரியா?

வீட்டுச் செலவை மாதம், பொருள், தொகை என வரி வரியாக டைப் செய்து வைத்திருக்கிறீர்களா? பைத்தான் மொழியின் பாண்டாஸ் லைப்ரரி, மாதங்களைத் தலைப்பாக வைத்து அதை டேபிளாக மாற்றித் தரும். இதற்கு இரண்டு கட்டளைகள். ஜூன் மாதம் காய்கறிக்கு 400 ரூபாய், 600 ரூபாய் என இரு வரிகள் இருந்தால் 'பிவட்' கட்டளை பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ஒரே கட்டத்தில் இரண்டு தொகையை எப்படிப் போடுவது? எரிச்சலுடன் 'பிவட் டேபிள்' கட்டளைக்குப் போனால், அது சத்தமில்லாமல் 500 என்று போடும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் சராசரிதான்! எக்ஸெலின் பிவட் டேபிளோ எண்களைக் கூட்டி 1,000 என்று தரும். அதில் பழகியவர்கள் இங்கே கட்டாயம் ஏமாறுவார்கள். புதியவர்களுக்கு அடம் பிடிக்கும் 'பிவட்'டே மேல் என்பேன். மற்றதுதான் வேண்டுமென்றால், 'அக்ஃபங்க்' என்னுமிடத்தில் 'சம்' என்று மறக்காமல் டைப் செய்யுங்கள்.