மாப்பிள்ளையின் புதுப் பல்லும் ஆகாய விமானமும்

கலியாணம் நிச்சயமானால் ஜவுளிக் கடைக்கும் நகைக் கடைக்கும் போவது நமது வழக்கம். சில ஆண்டுகளாக இந்த ஜாபிதாவில் இன்னோர் இடமும் சேர்ந்திருக்கிறது. அதுதான் பல் வைத்தியசாலை. பல்வலி தாங்காமல் ஓடுகிறவர்கள் அல்ல இவர்கள். வலியே இல்லாத, நன்றாக மென்று தின்னக்கூடிய பற்களை வைத்துக்கொண்டு, அவை அழகாக இல்லை என்று போகிறவர்கள். மணமேடையில் புன்னகை எடுப்பாக இருக்க வேண்டுமாம்!

கேலி செய்துவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் 2024 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் நடந்ததைக் கேட்டால் கேலி வராது. 28 வயது வாலிபர். சில நாட்களுக்கு முன்புதான் நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. புன்னகையைச் சீராக்கிக் கொள்வதற்காக ஒரு பல் வைத்தியசாலைக்குத் தனியாகப் போனார். அங்கேயே மயக்கமடைந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் முன்பே பிரிந்துவிட்டது என்றார்கள். மயக்க மருந்து அளவுக்கு மேல் கொடுக்கப்பட்டதே காரணம் என்று தகப்பனார் புகார் செய்தார். கவனக்குறைவு என்று போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். இப்படியொரு சிகிச்சைக்கு மகன் போகிறான் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

இப்படி உயிர் போவது மிக மிக அபூர்வம். அதைச் சொல்லி யாரையும் பயமுறுத்துவது நமது நோக்கமல்ல. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பல்லுக்குப் போடும் மரத்துப் போகும் ஊசிக்கு ஓர் எல்லை உண்டு. உடல் எடையை வைத்து அதைக் கணக்கிடுவார்கள். ஒரு பல்லுக்கு வைத்தியம் செய்தால் அந்த எல்லையின் அருகில்கூடப் போக வேண்டியதில்லை. ஒரே நாளில் பத்துப் பற்கள் என்றால் ஊசிகள் பெருகும். ஏன் ஒரே நாளில் பத்துப் பற்கள்? அவசரம்! ஏன் அவசரம்? லீவு இரண்டு வாரந்தானே!

சங்கதியின் வேர் இந்த லீவில்தான் இருக்கிறது. சிங்கப்பூரிலோ, துபாயிலோ, அமெரிக்காவிலோ வேலை பார்க்கும் பையன். ஆடியும் மார்கழியும் போக, மிச்ச மாதங்களில் ஒரு முகூர்த்தத்தைப் பிடித்து, அதற்கு முன்னே பின்னே ஒரு வாரம் வைத்து டிக்கெட் வாங்குகிறான். அங்கே பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவில் இங்கே ஒரு சிறு பகுதி போதும். ஆகையால் கலியாணமும் பல்லும் ஒரே பிரயாணத்தில் முடியட்டும் என்று திட்டமிடுகிறான். திட்டம் கெட்டிக்காரத்தனமானதுதான். பல்லுக்கு மட்டும் பஞ்சாங்கம் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். கோணலாக உள்ள பற்களைக் கம்பி கட்டி நேராக்க ஒன்றரை, இரண்டு வருஷங்கள் பிடிக்கும். தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டுவதானால், எலும்பு அதைப் பற்றிக் கொள்ள மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை வேண்டும். வெறுமே வெளுக்க வைப்பதற்குக்கூட, வெளுத்த நிறம் நிலைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் விட்டு அப்புறந்தான் மேலே எதையும் ஒட்ட வேண்டும். இவற்றில் எதுவும் பதினான்கு நாள் லீவுக்குள் அடங்காது. பதினான்கு நாளில் முடிகிற வேலை ஒன்றே ஒன்றுதான். நல்ல பற்களைச் சுற்றிலும் அராவிவிட்டு, மேலே வெள்ளை வெளேரென்று தொப்பி மாட்டுவது. நம் ஊரில் 'கேப்' போடுவது என்கிறார்களே, அது.

கேப் கெட்ட காரியமல்ல. சொத்தை விழுந்து, வேர் சிகிச்சை செய்து, உடையக் காத்திருக்கும் பல்லுக்கு அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. ஆனால் கோணல் தெரியாமல் மறைப்பதற்காக, நோயில்லாத பல்லைக் கேப்புக்காகச் சுற்றிலும் அராவினால், ஈறுக்கு மேலே தெரியும் பாகத்தில் பாதிக்கு மேலேயே போய்விடும். பல்லின் மேலுள்ள எனாமல் மறுபடி வளராது. நகம் போலவோ தலைமயிர் போலவோ நினைத்துவிடக் கூடாது. போனது போனதுதான். கேப்பும் என்றென்றைக்கும் நிற்பதில்லை. பத்து, பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். 27 வயதில் போட்டுக்கொண்டவர் ஆயுசுக்குள் எத்தனை முறை மாற்றுவார், ஒவ்வொரு முறையும் உள்ளே மிஞ்சும் பல் எவ்வளவு என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கம் மாத்திரம் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுரண்டி ஒட்டும் 'வெனீர்' என்ற பீங்கான் தகட்டில் சேதம் குறைவு. ஆனாலும் அதுவும் ஒருவழிப் பாதைதான்.

இந்தத் தகட்டுக்கு ஒரு வேடிக்கையான பூர்வோத்தரம் உண்டு. 1928-ல் அமெரிக்காவில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் வைத்தியர் ஹாலிவுட் நடிகர்களுக்காக இதைச் செய்தார். காமிரா முன் நிற்கும்போது தற்காலிகமாக ஒட்டிக்கொள்வார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் எடுத்து வைத்துவிடுவார்கள். சொந்தப் பல் சொந்தமாகவே இருந்தது. 1955-ல் பொனக்கோர் என்பவர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பின் 1980-களில் தகடு நிரந்தரமாகவே ஒட்டிக்கொண்டது. சினிமாக்காரர் மாலையில் கழற்றி வைத்ததை, நம் மாப்பிள்ளை ஆயுள் பூராவும் சுமக்கிறார்.

நமக்கு மட்டும் வந்த மோகமல்ல இது. பிரிட்டனிலிருந்து இளைஞர்கள் துருக்கிக்கு விமானம் ஏறி, ஒரு வாரத்தில் வாய் நிறையக் கேப்புடன் திரும்புகிறார்கள். 'துருக்கிப் பற்கள்' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2022-ல் பிரிட்டிஷ் பல் வைத்தியர் சங்கம் தன் அங்கத்தினரைக் கேட்டது. வெளிநாட்டில் வைத்தியம் செய்து வந்தவர்களைப் பரிசோதித்திருப்பதாக 100-க்கு 95 பேர் சொன்னார்கள். அவர்களில் 100-க்கு 86 பேர், பின்னால் ஏற்பட்ட கோளாறுகளுக்குத் தாங்கள் சிகிச்சை செய்ய நேர்ந்தது என்றார்கள். நன்றாக அமைந்தவர்கள் வைத்தியரைத் தேடி வரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். என்றாலும் அலட்சியம் செய்யத்தக்க கணக்கல்ல.

ஆகாயத்தில் என்ன ஆகும்?

பல் வைத்தியம் செய்துகொண்டு உடனே விமானம் ஏறலாமா? கலியாண வீடுகளில் இப்போது சகஜமாகக் கேட்கப்படும் கேள்வி இது. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். அதாவது நாம் கொடைக்கானலிலோ உதகமண்டலத்திலோ உட்கார்ந்திருப்பது போலத்தான். அந்த அழுத்தத்தில், அடைபட்ட காற்று தரையில் இருந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிய முயலும். ஆரோக்கியமான பல்லுக்குள் விரிவதற்குக் காற்று ஏது? ஆகவே வெளுக்க வைத்தவருக்கும், வெனீர் ஒட்டிக்கொண்டவருக்கும் விமானத்தால் ஆபத்தில்லை.

உபத்திரவம் வேறு இடத்தில் இருக்கிறது. வேர் சிகிச்சை பாதியில் நிற்கும் பல், அடியில் சீழ் கட்டிய பல், சந்து விட்ட அடைப்பு, இவைதான் நடு வானத்தில் உயிரை வாங்கும். இரண்டாவது உலக யுத்தத்தில் விமானிகள் இந்த வலியில் துடித்திருக்கிறார்கள். மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது சிலருக்கு மூக்கை ஒட்டிய எலும்புக் குழி வரை துவாரம் விழுந்துவிடும். அவர்கள் வைத்தியர் சரி என்று சொல்லும் வரை, சாதாரணமாக இரண்டு வாரம், விமானத்தில் ஏறக் கூடாது. மூக்கைப் பலமாகச் சிந்தவும் கூடாது. சாதாரணமாகப் பல் பிடுங்கிக்கொண்டவரும் சில நாள் பொறுப்பது நல்லது. பிடுங்கிய குழியில் இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிந்து, தாங்க முடியாத வலி வருவது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாளில்தான். அன்றைக்கு மறுவீட்டு விருந்தா, தேன் நிலவு விமானமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் காற்றழுத்தத்தைவிடப் பெரிய விரோதி தூரந்தான். புதுக் கேப் ஒரு நூலிழை உயரமாக இருந்தாலும் ஒரு வாரத்தில் தாடை வலிக்கத் தொடங்கும். செய்த வைத்தியரிடம் போனால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மாப்பிள்ளை அப்போது டல்லஸ் நகரில் இருக்கிறார்! அங்குள்ள டாக்டர் இன்னொருவர் செய்த வேலையில் கைவைக்கத் தயங்குவார். வைத்தால் பில் மிச்சம் பிடித்ததையெல்லாம் விழுங்கிவிடும். வழக்குப் போடலாமே என்பீர்கள். வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் கடல் கடந்து இருந்துகொண்டு இங்கே வாய்தா வாய்தாவாக அலைய யாரால் முடியும்? எக்ஸ்ரே பிரதிகளையும், எந்தப் பொருளால் செய்தார்கள் என்ற விவரத்தையும், வைத்தியரின் பதிவு எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டாவது கிளம்ப வேண்டும். முகூர்த்தப் பரபரப்பில் இதை யார் கேட்கிறார்கள்!

பெண் வீட்டுச் சங்கதி இதைவிட வருத்தமானது. மாப்பிள்ளை தானாகப் போகிறார். பல பெண்கள் அனுப்பப்படுகிறார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் யாரோ ஓர் அத்தை, "முன்பல் மட்டும் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள். தெற்றுப் பல் சிரிப்புக்கு அழகு என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. இன்று அத்தையின் அந்த ஒரு வாக்கியத்துக்காக, கடன் வாங்கியாவது நாலு நல்ல பற்களை அராவச் சம்மதிக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்பவர் இல்லை.

வெளுக்க வைத்துக்கொண்டவர் இரண்டு நாள் காபி, மஞ்சள் சேர்ந்த பண்டம் எதையும் தொடக் கூடாது என்பார்கள். கலியாண வீட்டில் மஞ்சள் சேராத சாம்பார் எங்கே கிடைக்கும்? தற்காலிகப் பசையில் நிற்கும் கேப்புடன் சீர்வரிசைக் கைமுறுக்கைக் கடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

கலியாணத்துக்குப் பல் வைத்தியரிடம் போகவே வேண்டாமா? தாராளமாகப் போகலாம். ஆறு மாதம் முன்பே போனால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். லீவு இரண்டு வாரந்தான் என்றால், காறையும் கறையும் போகச் சுத்தம் செய்துகொள்ளட்டும். முக்கால்வாசிப் பேருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்காது. ஒரு மணி நேர வேலை. அன்றிரவே விமானம் ஏறலாம். துணைக்கு வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போகட்டும்.