கண்டெடுத்த காசும் எழுதாத ஏடும்

மண்ணிலிருந்து வெளிப்படும் ஒரு செப்புக்காசு இரண்டு செய்திகளைத் தாங்கி வருகின்றது. ஒன்று அதன் முகத்திற் பொறிக்கப்பட்டது. மற்றது அது கிடந்த இடம். முதற்செய்தி காசு உள்ளவரை நிற்கும். இரண்டாவதோ, எடுத்தவர் எழுதிவைக்காவிடின், எடுத்த கணத்திலேயே அழிந்துபோகும். ஈழத்துத் தமிழரிடையே இவ்விரண்டாஞ் செய்தியைப் பேணுவார் மிகச் சிலரே. இதற்குப் புதையல் தேடும் பேராசைக்காரரை மட்டும் பழித்தல் போதாது. பழமையைப் போற்றுவதாகக் கூறும் சேகரிப்பாளரும் கற்றோரும் இப்பழியிற் பங்காளிகளே.

இடக்குறிப்பின் பெறுமதிக்குச் சான்றுகள் உள. நந்தியுருவும் ‘சேது’ என்னும் எழுத்தும் பொறித்த காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையனவா, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுடையனவா என்ற வினா எழுந்தபோது, அவை கிடைத்த இடங்களும் சான்றாக நின்றன. ஆனைக்கோட்டையில் 1980-81 அளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கண்ட வெண்கல முத்திரை மிகச் சிறியது. அது ஈமப்புதைகுழியொன்றில், மனித எலும்புக்கூட்டுடன் கிடந்தது என்ற பதிவினாலேயே பெருஞ்சான்றாயிற்று. அதே முத்திரை ஒருவரது சட்டைப்பையிலிருந்து வெளிவந்திருப்பின், அது போலியோ என்ற ஐயமே எஞ்சியிருக்கும்.

இக்குறை மிகுதியாக உறுத்த வேண்டிய இடங்களுள் வேலணைத் தீவும் ஒன்று. சரவணை, நாரந்தனை, புளியங்கூடல் ஆகியவற்றை அயலாகக் கொண்ட சுருவில் இத்தீவின் ஊர். இதே தீவின் அல்லைப்பிட்டியில் 1977 இல் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் சீனத்துச் சொங் வமிசக் காலத்து மட்பாண்டங்களைக் கண்டனர். 2018 இல் சாங்காய் அரும்பொருளகத்தினரும் அங்கு அகழ்ந்தனர். அயலிலுள்ள நயினாதீவின் தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகுவினது. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைப் பற்றிப் பேசும் அச்சாசனம், யானை, குதிரை ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒன்றும், வாணிபச் சரக்குக் கலம் உடைந்தால் பாதியும் பண்டாரத்துக்கு உரியன என விதிக்கின்றது. கரையில் ஒதுங்கிய பொருளுக்கும் கணக்கு வேண்டும் என எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் எழுதிய கடற்கரை இது. இன்று அங்கு கிணறு வெட்டுவோர் கையில் ஒரு காசு அகப்படின், அதைப் பதியும் ஏடு ஒன்றேனும் உண்டா?

வடபுலத்து மக்கள் உலோகங்காணும் கருவியை நன்கறிந்தது கண்ணிவெடி அகற்றியோர் கையிலாகும். அவர்கள் நிலத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்துக் குறித்துக்கொண்டே முன்னேறினர். கொல்லும் உலோகத்துக்கு உள்ள குறிப்பேடு, வரலாறு கூறும் உலோகத்துக்கு இல்லை. அதே கருவியை இருளிற் கொண்டு திரிவோர் குழியை விட்டுச் செல்கின்றனரே அன்றிக் குறிப்பை விட்டுச் செல்வதில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் அனுமதியற்ற அகழ்வைத் தடுக்கின்றது. தற்செயலாகக் கண்டவரும் அறிவித்தல் வேண்டும் என்கின்றது. எனினும், அறிவித்தவர் குற்றவாளிபோல் நோக்கப்படுவார் என்ற அச்சம் நிலவும்வரை சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும். இங்கிலாந்தில் 1997 இல் தொடங்கிய பதிவுத்திட்டம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களைக் குறித்துள்ளது. அங்குள்ள சட்டம் வேறு. கருவி கொண்டு தேடும் வழக்கத்தை இங்கு இறக்குமதி செய்யவேண்டியதில்லை. கண்டவரை மதித்துக் கேட்டெழுதும் பண்பே கொள்ளத்தக்கது.

பதிவு செய்தால் அரசு அதனைக் கொண்டு நிலத்தைக் கைப்பற்றும், வரலாற்றைத் திரிக்கும் என்பர் சிலர். இவ்வச்சம் காரணமற்றதன்று. ஆனால் மறைத்தல் அதற்கு மருந்தாகாது. எழுதப்படாத நிலத்தில் எவரும் எதையும் எழுதலாம். முறையான முற்பதிவே திரிபுக்கு எதிரான சாட்சி. இடத்தை வெளிப்படுத்தினால் கள்வர் வருவர் என்பது மற்றொரு வாதம். இடத்தைப் பதிதல் வேறு, அதைப் பறைசாற்றுதல் வேறு. “நாம் எடுத்திராவிடின் இவை உருக்கப்பட்டிருக்கும்” என்னும் சேகரிப்பாளரின் வாதமோ பாதி உண்மை. பொருளைக் காத்தவர், அதன் ஊரைக் கைவிட்டார். ஊர்ப்பெயரற்ற நூறு காசுகள் பேழைக்கு அழகு. ஆய்வுக்கு அவற்றாற் பயன் சிறிது.

வேண்டுவது பெருஞ்செலவன்று. சுருவில் போன்ற ஒவ்வோர் ஊரின் சனசமூக நிலையத்திலும் ஓர் ஏடு இருந்தாற் போதும். கண்ட நாள், உறுதியிலுள்ள காணிப்பெயர், நிலமட்டத்திலிருந்து ஆழம், மண்ணின் தன்மை, உடன்கிடந்த ஓடு, சங்கு, எலும்பு, பொருளின் நிறை, அளவுகோலுடன் கூடிய நிழற்படம் ஆகியன அதில் இடம்பெறவேண்டும். புளியும் சாம்பலும் இட்டுக் காசைத் துலக்கலாகாது. துலக்குவோர் எழுத்தையும் சேர்த்தே தேய்க்கின்றனர். ஏட்டின் பிரதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கும் செல்லவேண்டும். தொல்பொருள் திணைக்களத்துக்குச் சட்டப்படி அறிவித்தலும் வேண்டும். ஒரே பிரதியாய் இருப்பதன் கேட்டினை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த தீ உணர்த்தியது.

தம் வரலாறு மறைக்கப்படுகின்றது என முறையிடும் சமூகம், தன் கையில் வந்த சான்றைத் தானே ஊமையாக்குதல் தகாது. பழம்பெருமை பேசும் மேடைகள் போதிய அளவு உள்ளன; இனி வேண்டுவது காணிப்பெயரும் ஆழமும் எழுதிய பக்கங்கள்.