மலிவு அறை, யாருக்கு மலிவு?

ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலர் தம்பதியாக முதன்முறை ஐரோப்பா கிளம்புகிறார்கள். "எந்த ஓட்டல் மலிவு சார்?" என்று கேட்கிறார்கள். வாடகையை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள் என்பதே என் பதில்.

ரோமில் மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் ஆளுக்கு, ஓர் இரவுக்கு 6 யூரோ நகர வரி தனி. இருவருக்கு நான்கு இரவுக்கு 48 யூரோ! ஊருக்கு வெளியே தங்கினால் போக்குவரத்துச் செலவு கூடும். ஆனால் வெனிஸுக்கு மெஸ்த்ரேயில் தங்கலாம். வாடகை குறைவு, ரயிலில் பத்து நிமிடம்தான்.

லிப்ட் உண்டா என்று கட்டாயம் பாருங்கள். பாரிஸின் பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. நான்காம் மாடிக்குப் பெட்டி தூக்கும் வயதா நமக்கு?

ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். எனவே கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதியுங்கள். பணம் திரும்பாத மலிவு அறை, விசா கிடைக்காவிட்டால் முழு நட்டம்.

ஹாஸ்டல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பலவற்றில் தம்பதிக்குத் தனி அறை உண்டு, பொதுச் சமையலறையும் உண்டு. சைவர்களுக்கு அது பெரிய மிச்சம்.

ஆனால் ஒன்று. அந்த அடுப்பை நம்பிக் கணக்குப் போடும் ஆண்களே, நாற்பது வருடம் சமைத்தவர் அங்கேயும் சமைக்க வேண்டுமா? அரிசியை நீங்கள் களைந்து வையுங்கள். இல்லையென்றால் உணவகச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். பயணம் இருவருக்கும்தானே!

போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.