சைக்கிள் தர்றாங்க, வழி எங்கே?



எங்க அக்காவுக்குப் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் கிடைத்தது. அன்றைக்குப் பொட்டு வைத்து, பூ சுற்றி, கற்பூரம் காட்டினோம். மறுநாளே அப்பா, "நம்ம தெருவோட நிறுத்திக்கோ, மெயின் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகாதே"ன்னு சொல்லிட்டார். இப்போ அந்த சைக்கிளில் ஆட்டுக்குத் தழை வருது. அக்கா பஸ்ஸுக்கு நின்று நின்று முதல் பீரியடைக் கோட்டை விடுகிறாள். இலவச பாஸ் இருக்கு, பஸ் நிக்கணுமே!

அப்பா மேல் தப்பு இல்லை. பண்ருட்டியிலிருந்து வடலூர் போகிற நம்ம ரோடு, விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை. பலாப்பழ லாரி, சாம்பல் லாரி, சென்னை - கும்பகோணம் பஸ் எல்லாம் அதில்தான் பறக்குது. சைக்கிள்காரருக்கு ஓரத்து மணல்தான் மிச்சம். அதே சைக்கிளை ஆர்ச் கேட் தாண்டி டவுன்ஷிப்புக்குள் கொண்டுவந்தால் இரண்டு கையையும் விட்டு ஓட்டலாம். (ஓட்டியிருக்கேன், பி.டி. சார் மன்னிக்கவும்.)

நெடுஞ்சாலை ஓரமாகவே சைக்கிளுக்குத் தனிப்பாதை வேண்டும் என்பது என் கருத்து. முதலில் காடாம்புலியூரிலிருந்து வடலூர் வரைக்குமாவது போடட்டும். வெறும் பெயிண்ட் கோடு போட்டால் அதில் பைக்கும் தள்ளுவண்டியும்தான் நிற்கும். நடுவில் தடுப்புச் சுவர் வேணும்.

"நடக்கிற காரியமா?" என்று என் தோழி சிரித்தாள். ஜெர்மனியில் ரூர் என்று ஒரு பகுதி. நம்மைப் போலவே நிலக்கரி எடுத்துப் பிழைத்த ஊர்கள். அங்கே டியூஸ்பர்க் முதல் ஹம் வரை சுமார் 100 கிலோமீட்டருக்கு சைக்கிள் நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டு, 2015-இல் பழைய ரயில் பாதையில் முதல் பகுதியைத் திறந்தார்கள். இன்னும் முழுசா முடியலை. ஆனா ஆரம்பிச்சாங்க இல்லையா?

வெயிலுக்கு என்ன செய்யறதுன்னு கேட்பீர்கள். ஹைதராபாத்தில் வெளிவட்டச் சாலை ஓரமாக 2023-இல் 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதை திறந்தார்கள். அதற்குக் கூரையே சோலார் தகடுதான். கீழே நிழல், மேலே கரண்ட். நெய்வேலிக்குக் கரண்ட் எடுக்க யாராவது சொல்லித்தரணுமா? அது முடியாவிட்டால் புங்க மரம் நட்டாலே போதும்.

கஷ்டமான கேள்வி இடம்தான். நம்ம ஊரில் நிலம் என்றாலே பெரியவங்க முகம் மாறிடும். சுரங்கத்துக்குக் கொடுத்தவங்க பலர். அதனால் புதுசா யார் நிலத்தையும் எடுக்கச் சொல்லலை. ரோட்டுக்கென்று ஏற்கெனவே எடுத்த இடத்திலேயே இரண்டு மீட்டர் ஒதுக்கட்டும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று படித்தேன். எங்களுக்கு ஓட்டத் தெரியும். ஓட்ட இடம்தான் இல்லை.

இன்னும் இரண்டு வருஷத்தில் எனக்கும் ஒரு சைக்கிள் வரும். தழை ஏற்ற எங்க வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கு.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி